மீட்புச் சொற்கள்: கிரிப்டோ வாலட்டின் 12 அல்லது 24 சொற்களைப் புரிந்துகொண்டு காப்பது எப்படி

கிரிப்டோ வாலட்டை முதன்முறை அமைக்கும்போது திரையில் 12 அல்லது 24 ஆங்கிலச் சொற்கள் வரும். "இவற்றைப் பத்திரமாக எழுதி வையுங்கள்" என்று ஒரு வரியும் கூடவே வரும். கடவுச்சொல் மறந்துபோனால் உதவும் ஏதோ ஒரு குறிப்பு என்று நினைத்துப் பலர் அதைக் கடந்துவிடுகிறார்கள். அந்த நினைப்புதான் பின்னால் வரும் பெரும்பாலான இழப்புகளுக்கு வேர்.

நாணயம் உங்கள் போனிலோ, ஹார்டுவேர் வாலட் எனப்படும் சிறு தனிக் கருவியிலோ இல்லை. எந்த முகவரியில் எவ்வளவு என்ற கணக்கு பிளாக்செயின் என்ற பொதுப் பேரேட்டில் இருக்கிறது. அந்த முகவரியிலிருந்து செலவு செய்யும் உரிமையைத் தருவது பிரைவேட் கீ. அந்தக் கீகள் அனைத்தும் இந்தச் சொற்களிலிருந்தே பிறக்கின்றன. போன் உடைந்தாலும், செயலியை நீக்கினாலும், கருவியைத் தயாரித்த நிறுவனமே மூடப்பட்டாலும் சொற்கள் இருந்தால் பணம் இருக்கிறது. போன் கையிலேயே பத்திரமாக இருந்தும் சொற்கள் இன்னொருவர் கைக்குப் போய்விட்டால் பணம் அவருடையது. செயலியின் பாஸ்வேர்டும் பின் எண்ணும் அந்த ஒரு கருவியின் கதவுக்குப் பூட்டு, அவ்வளவுதான். அவற்றை எத்தனை முறை மாற்றினாலும் சொற்கள் மாறாது. சொற்களை வைத்திருப்பவர் அந்தக் கதவு வழியாக வரவும் தேவையில்லை.

எனவே காப்பதற்கு இரண்டு முகம் உண்டு: பிறர் கையில் சிக்கக்கூடாது, உங்கள் கையிலிருந்து தொலையவும் கூடாது. திருட்டை நினைத்து ஒரே தாளை யாருக்கும் தெரியாமல் ஒளித்து வைப்பவர் அதை வெள்ளத்தில் இழக்கிறார். தொலைந்துவிடுமோ என்று ஐந்து இடங்களில் எழுதி வைப்பவர் அதில் ஒன்றைத் திருட்டுக் கொடுக்கிறார். கீழே சொல்லப்படும் ஒவ்வொரு படியும் இந்த இரண்டுக்கும் நடுவே தராசைப் பிடிப்பதுதான்.

சொற்கள் எங்கிருந்து வருகின்றன

பெரும்பாலான வாலட்டுகள் பின்பற்றுவது 2013-இல் முன்மொழியப்பட்ட பிப்-39 என்ற விதிமுறையை. அதில் 2048 சொற்கள் கொண்ட பட்டியல் ஒன்று உண்டு. அகர வரிசையில் முதல் சொல் 'அபாண்டன்', கடைசிச் சொல் 'ஜூ'. 2048 என்பது 2-ஐ 11 முறை பெருக்கியது. ஆகவே ஒவ்வொரு சொல்லும் 11 பிட் தகவலைச் சுமக்கிறது (பிட் என்பது 0 அல்லது 1 என்ற ஓர் இலக்கம்). வாலட் முதலில் 128 பிட் நீளமுள்ள ஒரு சீரற்ற எண்ணை உருவாக்கும். அந்த எண்ணிலிருந்தே கணக்கிட்ட 4 பிட் சரிபார்ப்பு எண்ணை அதன் வாலில் ஒட்டும். மொத்தம் 132 பிட், அதாவது 12 சொற்கள். 24 சொற்களாக இருந்தால் 256 பிட் எண், 8 பிட் சரிபார்ப்பு.

கடைசிச் சொல்லில் அந்தச் சரிபார்ப்பு ஒளிந்திருப்பதால்தான், மனதுக்குத் தோன்றிய 12 சொற்களைப் பட்டியலிலிருந்து பொறுக்கி இட்டால் பெரும்பாலும் வாலட் ஏற்காது. சராசரியாக 16 முயற்சியில் ஒன்றுதான் தேறும். அப்படித் தேறினாலும் பயன்படுத்தாதீர்கள். மனிதர் தேர்ந்தெடுக்கும் சொற்கள் சீரற்றவை அல்ல. 'அபாண்டன்' 11 முறை, கடைசியில் 'அபவுட்' என்ற சொற்றொடர் விதிமுறைப்படி செல்லும். ஆனால் அது எல்லோருக்கும் தெரிந்த சோதனைச் சொற்றொடர். அதன் முகவரிக்கு வரும் பணத்தை எடுக்கத் தானியங்கி நிரல்கள் காத்துக் கிடக்கின்றன.

சொற்கள் நேரடியாகக் கீகளாக மாறுவதில்லை. பிபிகேடிஎஃப்2 என்ற முறையில் 2048 சுற்றுகள் அரைக்கப்பட்டு 512 பிட் விதை கிடைக்கிறது. மீட்புச் சொற்களைச் 'சீட் பிரேஸ்' என்று அழைப்பது இதிலிருந்து வந்ததுதான். அந்த விதையிலிருந்து பிப்-32 முறைப்படி மரம்போல் கிளைத்துக் கிளைத்து எத்தனை முகவரி வேண்டுமானாலும் வரும். ஒரே 12 சொற்களில் பிட்காயின், எத்தீரியம் என்று பல நாணயங்கள் அடங்குவது இப்படித்தான்.

12 போதுமா, 24 வேண்டுமா என்ற கேள்வி அடிக்கடி எழுகிறது. 128 பிட் என்றால் சுமார் 34-க்குப் பின் 37 பூஜ்யங்கள் அளவு சாத்தியங்கள். எந்தக் கணினியும் அதை ஊகித்து எடுக்கப் போவதில்லை. 12 தாராளமாகப் போதும். திருட்டு நடப்பது ஊகத்தால் அல்ல, பார்வையால்.

படி 1: உருவாக்குவது

எல்லாமே அந்த முதல் சீரற்ற எண்ணை நம்பி நிற்கிறது. லிப்பிட்காயின் எக்ஸ்ப்ளோரர் என்ற மென்பொருளின் ஒரு கட்டளை 128 அல்லது 256 பிட்டுக்குப் பதிலாக 32 பிட் சீரின்மையை மட்டுமே தந்தது 2023-இல் வெளிப்பட்டது. 32 பிட் என்பது சுமார் 430 கோடி சாத்தியங்கள். சாதாரணக் கணினியே எண்ணி முடித்துவிடும். சொற்கள் பார்வைக்கு எப்போதும்போல் சீரற்றுத்தான் இருந்தன, பணம் போனது. எனவே பெரிய தொகைக்கு, பலர் ஆண்டுக்கணக்கில் சோதித்த, மூலநிரல் வெளிப்படையான வாலட்டையே தேர்ந்தெடுங்கள். இணையதளத்தில் ஓடும் 'சொல் உருவாக்கி'ப் பக்கங்கள் வேண்டாம்.

சில ஹார்டுவேர் வாலட்டுகள் பகடை உருட்டி உருவாக்க அனுமதிக்கும். ஆறு முகப் பகடையை 50 முறை உருட்டினால் 128 பிட் தாண்டும். 99 முறை உருட்டினால் ஏறக்குறைய 256. பத்துப் பன்னிரண்டு முறை உருட்டிவிட்டு 'போதும்' என்று நிறுத்துவது, உருட்டாமல் விடுவதைவிட மோசம்.

ஹார்டுவேர் வாலட்டைத் தயாரிப்பாளரிடமோ அவர் அங்கீகரித்த விற்பனையாளரிடமோ புதிதாக வாங்குங்கள். பெட்டிக்குள் சொற்கள் ஏற்கெனவே அச்சிட்ட அட்டையோ, சுரண்டிப் பார்க்கும் அட்டையோ இருந்தால் அது பொறி. அந்தச் சொற்கள் அனுப்பியவரிடமும் இருக்கின்றன. நீங்கள் பணம் போடும் நாளுக்காக அவர் காத்திருப்பார். சொற்கள் உங்கள் கண்முன், கருவியின் திரையில், அப்போதுதான் பிறக்க வேண்டும்.

உருவாக்கும்போது அறையில் கேமரா எதுவும் உங்கள் கையையும் திரையையும் பார்க்காதபடி உட்காருங்கள். மடிக்கணினியின் கேமராவும் கண்காணிப்புக் கேமராவும் இதில் சேர்த்தி.

படி 2: எழுதுவது

கையால் எழுதுங்கள். ஒற்றைத் தாளை எடுத்து, கண்ணாடி அல்லது கல்போன்ற கடினமான பரப்பின்மேல் வைத்து எழுதுங்கள். நோட்டுப் புத்தகத்தில் வைத்து எழுதினால் அடுத்த பக்கத்தில் அழுத்தம் பதியும். பென்சிலை மெல்லத் தேய்த்தாலே சொற்கள் எழுந்து வரும்.

ஆங்கிலப் பெரிய எழுத்துகளில் எழுதுங்கள். ஒவ்வொன்றுக்கும் வரிசை எண் கட்டாயம். இரண்டு பத்தியாக எழுதினால், வரிசை மேலிருந்து கீழா, இடமிருந்து வலமா என்று பத்து ஆண்டு கழித்துக் குழம்பும். எண் இருந்தால் குழப்பமில்லை. பட்டியலில் எந்த இரண்டு சொல்லும் முதல் நான்கு எழுத்தில் ஒன்றாக இராது. 'ஆக்‌ஷன்', 'ஆக்டர்', 'ஆக்ட்ரஸ்', 'ஆக்சுவல்' நான்குக்கும் முதல் மூன்று எழுத்து ஒன்றே, நான்காவதில் பிரிந்துவிடும். ஆனால் தாளில் இடம் இருக்கும்போது முழுச் சொல்லையும் எழுதுவதே நல்லது. ஓர் எழுத்து மங்கினாலும் மீதி காட்டிக் கொடுக்கும்.

தமிழர்களுக்கென்றே ஓர் எச்சரிக்கை உண்டு. யாருக்கும் புரியாமல் இருக்கட்டும் என்று சொற்களைத் தமிழ் எழுத்தில் எழுதி வைக்கும் யோசனை பலருக்கு வருகிறது. செய்யாதீர்கள். பட்டியலில் சவரக் கத்தியைக் குறிக்கும் 'பிளேட்'டும் இருக்கிறது, தட்டைக் குறிக்கும் 'பிளேட்'டும் இருக்கிறது. சொட்டுவதைச் சொல்லும் 'ட்ரிப்', பயணத்தைச் சொல்லும் 'ட்ரிப்'. உலர்ந்ததைச் சொல்லும் 'ட்ரை', முயல்வதைச் சொல்லும் 'ட்ரை'. நம் எழுத்தில் இவை ஒன்றே, வாலட்டுக்கு வெவ்வேறு. பொருளை மொழிபெயர்த்து எழுதினால் இன்னும் மோசம். ஜப்பானியம், கொரியம், பிரெஞ்சு, ஸ்பானியம் போன்ற சில மொழிகளுக்கு அதிகாரபூர்வச் சொற்பட்டியல் உண்டு; தமிழுக்கு இல்லை. ஆங்கிலச் சொல்லை ஆங்கில எழுத்திலேயே எழுதுங்கள்.

அச்சுப்பொறி வேண்டாம். இங்க்ஜெட் மை நீர் பட்டால் கரையும், ரசீதுக்குப் பயன்படும் வெப்பத்தாள் சில ஆண்டுகளில் வெளுத்துவிடும், போதாக்குறைக்குச் சில அச்சுப்பொறிகள் அச்சிட்டதைத் தம் நினைவகத்திலும் வைத்துக்கொள்ளும். பென்சில் வெளுக்காது, ஆனால் தேயும். நீரில் கரையாத நிறமி மைப் பேனா, அமிலமற்ற தாள்: காகிதத்துக்கு இது போதும்.

போட்டோ எடுக்காதீர்கள். 'ஒரு நிமிடத்துக்கு மட்டும், பிறகு அழித்துவிடலாம்' என்பதும் கூடாது. எடுத்த சில நொடிகளில் படம் கிளவுடுக்குப் போயிருக்கலாம். அழித்த படம் 'சமீபத்தில் நீக்கியவை' பகுதியில் வாரக்கணக்கில் கிடக்கும். 2025 பிப்ரவரியில் காஸ்பர்ஸ்கை நிறுவனம் வெளிப்படுத்திய 'ஸ்பார்க்கேட்' என்ற தீநிரல், கூகுள் பிளே, ஆப்பிள் ஆப் ஸ்டோர் இரண்டிலும் இருந்த செயலிகளுக்குள் புகுந்து, போனின் படத் தொகுப்பில் உள்ள எழுத்துகளைப் படித்து மீட்புச் சொற்களைத் தேடியது. ஸ்கிரீன்ஷாட், வாட்ஸ்ஆப்பில் தனக்குத்தானே அனுப்பிக்கொள்வது, மின்னஞ்சல் டிராஃப்ட், நோட்ஸ் செயலி எல்லாம் இதே கணக்குதான்.

படி 3: பணம் போடுமுன் மீட்டுப் பாருங்கள்

எல்லோரும் தாண்டிப் போகும் படி இது. இந்த வழிகாட்டியில் ஒன்றை மட்டும் செய்ய நேரம் இருந்தால் இதைச் செய்யுங்கள். எழுதியதை இன்னொரு முறை கண்ணால் படித்துப் பார்ப்பது சோதனை ஆகாது. நாம் எழுதிய பிழை நம் கண்ணுக்கே தெரியாது. தாளில் தவறாக இருப்பதை மூளை சரியாக வாசித்துவிடும்.

புதிய வாலட்டில் பெறுவதற்கான முதல் முகவரியைக் குறித்துக்கொள்ளுங்கள். இழந்தாலும் கவலையில்லாத சிறு தொகையை அதற்கு அனுப்புங்கள். அது வந்து சேர்ந்ததும் ஹார்டுவேர் வாலட்டை முழுதாக அழித்து ஆலை நிலைக்குக் (ஃபேக்டரி ரீசெட்) கொண்டுபோங்கள். செயலி என்றால் நீக்கிவிடுங்கள். இப்போது 'ஏற்கெனவே உள்ள வாலட்டை மீட்க' என்ற தேர்வில், தாளை மட்டும் பார்த்துச் சொற்களை இடுங்கள். அதே முகவரி வர வேண்டும், அதே தொகை தெரிய வேண்டும். அதோடு நிற்காமல் அதில் ஒரு பகுதியை வெளியே அனுப்பிப் பாருங்கள். இவ்வளவும் நடந்த பிறகே பெரிய தொகை.

இரண்டு பிரதி எழுதியிருந்தால் இரண்டையும் தனித்தனியே சோதியுங்கள். முதல் பிரதியைப் பார்த்து நகலெடுத்த இரண்டாவதில்தான் பிழை அதிகம் புகுகிறது.

ஹார்டுவேர் வாலட்டின் சொற்களைக் கணினியிலோ போன் செயலியிலோ தட்டிச் சோதிக்காதீர்கள். அந்த ஒரு தட்டலோடு அது ஹார்டுவேர் வாலட்டாக இருந்த பயன் முடிந்துபோகிறது. சோதனையும் கருவியிலேயே நடக்க வேண்டும். பணம் இருக்கும் நிலையில் அழிக்காமலேயே சொற்களைச் சரிபார்க்கும் வசதி பல கருவிகளில் உண்டு. ஆண்டுக்கு ஒருமுறை அதைச் செய்வது நல்ல பழக்கம்.

படி 4: சொற்களோடு ஒரு விவரத் தாள்

சரியான சொற்களை இட்டும் வாலட் பூஜ்யம் காட்டுவது உண்டு. பணம் போய்விட்டது என்று பதறிப் போலி உதவியாளர்களிடம் சிக்குவது பெரும்பாலும் இந்த நேரத்தில்தான். அநேகமாகப் பணம் அங்கேயே இருக்கும். வாலட் வேறு கிளையைப் பார்த்துக்கொண்டிருக்கும்.

விதையிலிருந்து முகவரிக்குப் போகும் வழியை டெரிவேஷன் பாத் என்பார்கள். பிட்காயினில் பழைய வகை முகவரிக்கு 44, இடைக்கால வகைக்கு 49, செக்விட் என்ற வகைக்கு 84, டேப்ரூட் என்ற வகைக்கு 86 என்று வழி தொடங்கும். 84-இல் போட்ட பணத்தை 44-இல் தேடினால் கிடைக்காது. எத்தீரியத்தில் இன்னொரு நுணுக்கம்: மெட்டாமாஸ்க் என்ற வாலட் இரண்டாம் கணக்குக்கு 44'/60'/0'/0/1 என்று கடைசி எண்ணைக் கூட்டும், லெட்ஜர் என்ற ஹார்டுவேர் வாலட்டின் செயலி 44'/60'/1'/0/0 என்று நடு எண்ணைக் கூட்டும். முதல் கணக்கு இரண்டிலும் ஒன்றே. இரண்டாவது கணக்குதான் 'காணாமல்' போகும்.

வேறு காரணங்களும் உண்டு. தொடர்ந்து 20 முகவரிகள் பயன்படாமல் இருந்தால் பல வாலட்டுகள் அதற்கு மேல் தேடுவதை நிறுத்திவிடும். தனி பிரைவேட் கீயை வெளியிலிருந்து இறக்கிச் சேர்த்த கணக்கு இந்தச் சொற்களில் அடங்கவே அடங்காது. அந்தக் கீயைத் தனியே காக்க வேண்டும். எல்லா வாலட்டும் பிப்-39 பேசுவதும் இல்லை. எலெக்ட்ரம் என்ற பிட்காயின் வாலட் தனக்கென்று சொந்த முறை வைத்திருக்கிறது, பார்வைக்கு அதுவும் 12 ஆங்கிலச் சொற்கள்தான். மோனேரோ நாணயத்தின் வழக்கமான சொற்றொடர் 25 சொற்கள் கொண்டது, பட்டியலே வேறு.

ஆகவே ஒரு தனித் தாளில் எழுதுங்கள்: எந்த வாலட், உருவாக்கிய ஆண்டு, எந்த விதிமுறை, என்னென்ன நாணயங்கள், எந்த வழி, ஒவ்வொன்றின் முதல் முகவரி, பாஸ்ஃபிரேஸ் (படி 6-இல் வருகிறது) உண்டா இல்லையா. மல்டிசிக், அதாவது பணத்தை நகர்த்தப் பல சாவிகளின் கையெழுத்து தேவைப்படும் அமைப்பு என்றால், எல்லாச் சாவிகளின் பொது விவரமும் அடங்கிய அமைப்புக் கோப்பு. 3-இல் 2 கையெழுத்து அமைப்பில் இரண்டு சொற்றொடர் கையில் இருந்தும் மூன்றாவதன் பொதுச் சாவி தெரியாவிட்டால் பணத்தைத் தொட முடியாது. இந்தத் தாளில் ரகசியம் எதுவும் இல்லை, தனியுரிமை மட்டுமே உண்டு. எனவே சொற்களிலிருந்து பிரித்து, கொஞ்சம் எளிதாக எட்டும் இடத்தில் வைக்கலாம்.

படி 5: எங்கே, எதில் வைப்பது

குறைந்தது இரண்டு பிரதி, இரண்டு வேறு கட்டடங்களில். ஒரே வீட்டின் இரண்டு அலமாரிகள் இரண்டு இடம் ஆகாது. தீ அலமாரியைப் பார்த்து வருவதில்லை. மூன்றுக்கு மேல் வேண்டாம், ஒவ்வொரு பிரதியும் திருடனுக்கு ஒரு வாய்ப்பு. திறந்தால் தெரிந்துவிடும் எண்ணிட்ட முத்திரைப் பையில் இட்டு, அந்த எண்ணை வேறிடத்தில் குறித்து வையுங்கள். யாராவது திறந்து பார்த்தார்களா என்று தெரிய இதைவிட எளிய வழி இல்லை.

பெரிய தொகை என்றால் உலோகம். கட்டடத் தீயின் வெப்பம் 1000 டிகிரி செல்சியஸை எட்டக்கூடும். அலுமினியம் 660 டிகிரியில் உருகிவிடும். 304 அல்லது 316 வகை ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் 1370 டிகிரிக்கு மேல்தான் உருகும், டைட்டானியம் 1668. ஒன்றரை முதல் இரண்டு மில்லிமீட்டர் தடிமனுள்ள தகட்டில், 3 மில்லிமீட்டர் எழுத்து அச்சுளிகளைச் சுத்தியலால் அடித்துப் பதிப்பது விலை குறைந்த, நம்பகமான வழி. நான்கு எழுத்து வீதம் 12 சொற்களுக்கு அதிகபட்சம் 48 முறை அடித்தால் போதும். தகட்டுக்குக் கீழே கனமான இரும்புக் கட்டை வேண்டும். மர மேசையில் வைத்து அடித்தால் தகடு வளையும், பதிவு ஆழமாகாது. முதலில் உதிரித் தகட்டில் பழகுங்கள்.

மேலோட்டமான பொறிப்பு, தீயில் உலோகத்தின் மேற்பரப்பு கருகிப் பொருக்கு கட்டினால் வாசிக்க முடியாமல் போகலாம். சட்டத்துக்குள் எழுத்துத் துண்டுகளைக் கோத்து வைக்கும் வகை, வெப்பத்தில் சட்டம் நெளிந்தால் துண்டுகளை உதிர்த்துவிடும். பிறகு கையில் இருப்பது எழுத்துக் குவியல். சொல்லுக்குப் பதில் பட்டியல் எண்ணைப் பதிப்பவர்கள் ஒன்றைக் கூடவே பதியுங்கள்: 'அபாண்டன்' 0-ஆ, 1-ஆ என்று. சில பட்டியல் 0-இல் தொடங்கும், சில 1-இல். ஒன்று தவறினால் 12 சொற்களும் ஒரு படி நகர்ந்துவிடும். பொறித்துத் தரும் கடையிலோ, எண்களை வாங்கிக்கொண்டு செய்து தரும் இணையதளத்திலோ இந்த வேலையைக் கொடுக்கவே கூடாது.

துண்டு போடுவது பற்றி

பாதி இங்கே, பாதி அங்கே என்று பிரித்து வைப்பது புத்திசாலித்தனமாகத் தோன்றும். எந்தப் பாதி தொலைந்தாலும் எல்லாம் போயிற்று என்பதால் தொலையும் வாய்ப்பு இரட்டிப்பாகிறது. அதைச் சரிக்கட்ட, எந்த இரண்டு அட்டை சேர்ந்தாலும் முழுமையாகும்படி மூன்று அட்டையில் எழுதுவோர் உண்டு. 12 சொற்களில் இதைச் செய்தால் ஒவ்வோர் அட்டையிலும் 8 இருக்கும். ஓர் அட்டை கிடைத்தவருக்குத் தெரியாதது 4 சொற்கள் மட்டுமே: 44 பிட், சரிபார்ப்பைக் கழித்தால் 40. அதாவது சுமார் 1.1 லட்சம் கோடி சாத்தியங்கள். கிராஃபிக் கார்டுகளை அடுக்கி வைத்திருப்பவருக்கு அது எட்டும் தூரம். 24 சொற்களில் செய்தால் தெரியாதது 8 சொற்கள், 80 பிட். அங்கே பிரச்சினை இல்லை, ஆனாலும் நேர்த்தியான வழி அல்ல.

பிரித்துத்தான் வைக்க வேண்டும் என்றால் அதற்கென்றே வந்த ஸ்லிப்-39 இருக்கிறது. 20 அல்லது 33 சொற்கள் கொண்ட பங்குகளாக, 3-இல் 2, 5-இல் 3 என்று நீங்கள் குறிக்கும் அளவில் பிரிக்கும். தேவையான எண்ணிக்கைக்கு ஒன்று குறைந்தாலும் எதுவும் தெரியாது. இதை ஏற்கும் வாலட்டுகள் குறைவு, பிப்-39 மட்டும் அறிந்த கருவியில் இது செல்லாது என்பதை விவரத் தாளில் எழுதிவிடுங்கள்.

வரிசையை மாற்றி எழுதுவது, ஒரு சொல்லை மட்டும் மனதில் வைத்துக்கொள்வது, நடுவே போலிச் சொற்களைக் கலப்பது போன்ற சொந்தக் கண்டுபிடிப்புகள் திருடனைச் சில நிமிடங்கள் தாமதப்படுத்தும். சொந்தக்காரரை ஆயுளுக்கும் வெளியே நிறுத்தும்.

படி 6: பாஸ்ஃபிரேஸ், வேண்டுமானால் மட்டும்

'25-ஆவது சொல்' என்று அழைக்கப்படும் பாஸ்ஃபிரேஸ் பட்டியலில் உள்ள சொல் அல்ல. நீங்களே இடும் எழுத்துத் தொடர். அது சேர்ந்ததும் முற்றிலும் வேறொரு வாலட் திறக்கும். சொற்களைத் திருடியவருக்கு வெற்று வாலட்தான் தெரியும். இரு இடத்தில் சொற்கள், வேறு இரு இடத்தில் பாஸ்ஃபிரேஸ் என்று வைத்தால் ஓர் இடம் திருட்டுப் போனாலும் பணம் நிற்கும்.

ஆபத்து என்ன என்றால், தவறான பாஸ்ஃபிரேஸ் என்று ஒன்று கிடையாது. எதை இட்டாலும் ஒரு வாலட் திறக்கும், பிழைச்செய்தி வராது. பெரிய எழுத்து சிறிய எழுத்தானாலும், கடைசியில் ஓர் இடைவெளி ஒட்டிக்கொண்டாலும் காலி வாலட்தான். ஆகவே இதையும் எழுதி வைத்தாக வேண்டும்; நினைவை நம்பக் கூடாது. குட்டையாகவும் வைக்கக் கூடாது. 2048 சுற்று என்பது இன்றைய கணினிக்குச் சிறிய தடை, பிறந்த தேதியும் பெயரும் உடனே விழுந்துவிடும். பகடை உருட்டி, 7776 சொற்கள் கொண்ட பட்டியலிலிருந்து எடுத்த ஆறு ஆங்கிலச் சொற்கள் நல்ல அளவு; சுமார் 77 பிட்.

தமிழில் பாஸ்ஃபிரேஸ் வைக்கும் ஆசை வேண்டாம். 'கொ' என்ற எழுத்தின் ஒகரக் குறியைக் கணினி ஒரே குறியீடாகவும் வைக்கும், கொம்பும் காலுமாக இரண்டாகவும் வைக்கும். இதைச் சமன்செய்யும் முறை விதியில் இருக்கிறது. எல்லா வாலட்டும் அதைச் சரியாகச் செய்யும் என்று நம்பிப் பணத்தைப் போட முடியாது. பல ஹார்டுவேர் வாலட்டில் தமிழை உள்ளிடவே வழியில்லை.

திருடர்கள் வரும் வழி

மீட்புச் சொற்களைக் கேட்கும் உரிமை எவருக்கும் இல்லை. வாலட் நிறுவனத்தின் உதவிக்குழு, எக்ஸ்சேஞ்ச், பிளாக்செயின் திட்டத்தின் நிர்வாகி, அரசு அதிகாரி என்று சொல்லிக்கொண்டு வருபவர், எவரும். சொற்கள் இடப்படும் ஒரே நேரம், நீங்களாக ஒரு வாலட்டை மீட்கத் தொடங்கும் நேரம். 'வாலட்டைச் சரிபார்க்க', 'ஒத்திசைக்க', 'இலவச டோக்கனைப் பெற' என்று எந்தப் பக்கம் கேட்டாலும் மூடிவிடுங்கள். தேடுபொறியில் வாலட்டின் பெயரைத் தட்டினால் முதலில் வரும் விளம்பரமே போலிப் பக்கமாக இருக்கலாம். முகவரியை நீங்களே தட்டிச் சேமித்து வையுங்கள்.

அஞ்சலிலும் வரும். 2020-இல் லெட்ஜர் வாடிக்கையாளர்களின் பெயரும் வீட்டு முகவரியும் கசிந்த பிறகு, நிறுவனத்தின் பெயரில் அச்சிட்ட கடிதங்களும் போலிக் கருவிகளும்கூட வீடு தேடி வந்தன. எல்லாமே ஒரே இடத்தில் முடியும்: 'உங்கள் 24 சொற்களை இடுங்கள்'.

உங்கள் தவறே இல்லாமலும் கசியலாம். 2022 ஆகஸ்டில், சொலானா என்ற பிளாக்செயினுக்கான ஸ்லோப் வாலட், பயனர்களின் சொற்களைப் பிழைப் பதிவுச் சேவையகத்துக்கு அனுப்பிக்கொண்டிருந்தது தெரியவந்தது. ஆயிரக்கணக்கான வாலட்டுகள் காலியாயின. போன் வாலட்டில் செலவுக்கான தொகை, சேமிப்பு ஹார்டுவேர் வாலட்டில் என்று பிரிக்கச் சொல்வதற்கு இதுவே காரணம். இரண்டுக்கும் வெவ்வேறு சொற்கள் இருக்க வேண்டும்.

தலைகீழ் மோசடி ஒன்றும் உண்டு. யாரோ அப்பாவிபோல் தன் சொற்களைப் பொதுவில் போட்டு, 'இதில் உள்ள பணத்தை எப்படி எடுப்பது?' என்று கேட்பார். திறந்தால் பணம் உண்மையில் இருக்கும், அதை அனுப்பப் பிளாக்செயினுக்குக் கட்ட வேண்டிய கட்டணத்துக்கான நாணயம் இருக்காது. கட்டணத்தை நீங்கள் அனுப்பிய நொடியில் அது மறையும். அங்குள்ள பணம் மல்டிசிக் பூட்டுக்குள் இருப்பதால் யாராலும் எடுக்க முடியாது.

ஒரு சொல் தொலைந்தால்

பதற வேண்டாம், கணக்கு உங்கள் பக்கம். 12-இல் ஒரு சொல் அழிந்து, அதன் இடம் தெரிந்தால் 2048 சாத்தியம். சரிபார்ப்பில் தேறுவது சுமார் 128. 24 சொற்களில் தேறுவது சுமார் 8 மட்டுமே. முதல் முகவரியைக் குறித்து வைத்திருந்தால் எது சரி என்று உடனே தெரியும். 12-இல் இரண்டு தொலைந்தால் 2,62,144 அளவு தேறும், கணினி செய்துவிடும். 12 சொற்களும் இருந்து வரிசை மட்டும் தெரியாவிட்டால் 47.9 கோடி வரிசைகள், தேறுவது சுமார் 3 கோடி, அதுவும் இயலும். 24 சொற்களின் வரிசை போனால் இயலாது.

இதற்குப் பிடிசி-ரிக்கவர் என்ற வெளிப்படையான மென்பொருள் இருக்கிறது. இணைய இணைப்பைத் துண்டித்த கணினியில் மட்டுமே ஓட்டுங்கள். 'மீட்டுத் தருகிறோம், சொற்களை அனுப்புங்கள்' என்று செய்தி அனுப்புபவர் அடுத்த திருடர்.

உங்களுக்குப் பின்

உங்களுக்கு ஏதாவது ஆனால் குடும்பத்தினர் எடுக்க முடியுமா? சொற்களை முன்கூட்டியே கொடுக்க வேண்டியதில்லை. இப்படி ஒன்று இருக்கிறது, விவரத் தாள் இங்கே, சொற்கள் எந்த வகை இடத்தில், அவசரப்பட்டு எங்கும் தட்ட வேண்டாம் என்று எளிய மொழியில் ஒரு கடிதம் போதும். உயிலின் உடலில் சொற்களை எழுதாதீர்கள், அது பலர் கண்ணில் படும் ஆவணம். கடிதத்தை எழுதியபின், தொழில்நுட்பம் தெரியாத ஒருவரிடம் கொடுத்து, வெற்று வாலட் ஒன்றை வைத்து மீட்கச் சொல்லிப் பாருங்கள். அவர் தடுக்கிய இடத்தில் கடிதத்தைத் திருத்துங்கள்.

கசிந்துவிட்டால்

யாராவது பார்த்திருக்கலாம் என்ற சந்தேகம் போதும், உறுதிக்காகக் காத்திருக்காதீர்கள். சொற்களை மாற்ற வழியில்லை. புதிய சொற்களோடு புதிய வாலட் உருவாக்கிப் பணத்தை அங்கே நகர்த்துவது ஒன்றே வழி. அதே சொற்களை வேறு செயலியில் ஏற்றுவது இடமாற்றம் அல்ல.

பாதிக்கப்படாத வேறொரு கருவியில் உருவாக்குங்கள். மதிப்பு மிகுந்ததை முதலில் அனுப்புங்கள். டோக்கன்களை (பிளாக்செயினின் சொந்த நாணயம் அல்லாத, அதன்மேல் ஓடும் மற்றவை) அனுப்பும்வரை கட்டணத்துக்கான நாணயத்தை மிச்சம் வைத்துக்கொள்ளுங்கள். அதை முதலில் அனுப்பிவிட்டால் டோக்கன்கள் சிக்கிக்கொள்ளும். திருடன் ஏற்கெனவே தானியங்கி நிரல் வைத்துவிட்டிருந்தால், கட்டணத்துக்கு நீங்கள் அனுப்பும் நாணயமும் வந்த நொடியே போகும். அந்த நிலையில் திரும்பத் திரும்ப அனுப்பாமல் நிறுத்துங்கள். எத்தீரியத்தில், கட்டணம் போடுவதையும் டோக்கனை நகர்த்துவதையும் ஒரே கட்டாகச் சேர்த்து ஒரே பிளாக்கில் நுழைக்கும் முறை இருக்கிறது. அதை அறிந்தவரால் மீதியைக் காப்பாற்ற முடியலாம். அவருக்கும் சொற்கள் தேவை என்றால், அந்த வாலட் ஏற்கெனவே போனது என்ற கணக்கில், அது ஒன்றின் சொற்களை மட்டும் தர முடியும்.

திருட்டு எல்லாமே சொற்கள் வழியாகத்தான் நடக்கும் என்பதும் இல்லை. ஏதோ தளத்தில் டோக்கனை எடுக்க நீங்கள் முன்பு தந்த அனுமதி வழியாகவும் போகலாம். ஒரே ஒரு டோக்கன் மட்டும் போய், மற்றவை அப்படியே இருந்தால் முதலில் அனுமதிகளைப் பார்த்து ரத்து செய்யுங்கள்.

எல்லாவற்றையும் நகர்த்திய பிறகு பழைய சொற்களைக் கிழித்துப் போடத் தோன்றும். போடாதீர்கள். ஸ்டேக்கிங்கில், அதாவது வருமானத்துக்காகப் பிளாக்செயினில் பூட்டியது, சில வாரம் கழித்து அந்தப் பழைய முகவரிக்கே விடுபடலாம். பழைய முகவரியைச் சேமித்து வைத்திருக்கும் ஒருவர் அடுத்த ஆண்டு அங்கேயே பணம் அனுப்பலாம். தாளின் மேல் 'பழையது, கசிந்தது, பணம் போடக் கூடாது' என்றும் நகர்த்திய தேதியையும் எழுதி, புதியதோடு கலக்காதபடி வேறு உறையில் வையுங்கள்.